மாப்பிள்ளை வீட்டில் நட்ட சிவப்புக் குச்சிகள்

தர்மபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், வயலுக்கு அப்பால், தொலைபேசிக் கோபுரம் ஒன்று எழுந்த பிறகு என் கணவர் நாளுக்கு இரண்டு வழிபாடுகள் செய்யத் தொடங்கினார். காலையில் பிள்ளையாருக்கு ஒரு செவ்வரத்தம்பூ. மாலையில் கோபுரத்துக்கு ஒரு முறைப்பு. பிள்ளையாரும் கோபுரமும் ஒரே அளவு பொறுமையுடன் அவரை ஏற்றுக்கொண்டனர்.

அவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நிறுத்துப் பார்க்காத சீனியையும் அளந்து பார்க்காத மண்ணெண்ணெயையும் வாழ்நாளில் நம்பியவரல்லர். ஆனால் கைத்தொலைபேசியில் முகம் தெரியாத ஒருவர் கண்ணை உருட்டிக்கொண்டு சொல்லும் எதையும் அப்படியே நம்புவார். கோபுரத்தின் கதிர் எங்கள் எலும்புக்குள் புகுந்துகொண்டிருக்கிறது என்று அப்படி ஒருவர் சொன்னார். ஆகவே கொழும்புக் கடையொன்றிலிருந்து ஒரு கருவி வந்து சேர்ந்தது. கைக்கு அடக்கமானது. மின்காந்தப் புலம் இருக்கும் இடத்தில் பிடித்தால் அதன் நெற்றியிலுள்ள விளக்குகள் பச்சையிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து சிவப்புக்கும் ஏறும். சிவப்பைத் தொட்டதும் கீச்சிடும்.

கருவியை ஏந்திக்கொண்டு அவர் கோபுரத்தை நோக்கி நடந்தார். வாசலில் பச்சை. வரம்பில் பச்சை. கோபுரத்தின் வேலிக்கருகே ஒரு மஞ்சள் விளக்கு கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. எதிரி வழக்குக்கே வராததால் ஏமாந்துபோன மனிதரைப் போலத் திரும்பி வந்தார். வந்தவர், நாற்காலியில் சாய்ந்தபடி கருவியைத் தலைமாட்டில் வைத்தார். அது கீச்சிட்டது. அங்கே மூன்று சார்ஜர்களும் ஒரு நீட்டு வயரும் முடிச்சுப்போட்டுக் கிடந்தன. கோபுரத்தைப் பற்றிய காணொளிகளை அவர் பார்த்துவந்தது அந்த மூலையில் இருந்துதான்.

அன்றிலிருந்து வீட்டில் எதையும் நிம்மதியாகச் செருக முடியவில்லை. பிரிட்ஜின் முதுகு கீச்சிட்டது. மின்விசிறியின் குமிழ் கீச்சிட்டது. றைஸ் குக்கர் சோறு வேகும் வரை விடாமல் கீச்சிட்டது. நானும் என் பங்குக்கு இதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். வீட்டுச் சாமான்களின் புலம் ஆளைக் கொல்லும் என்று அடித்துச் சொன்னவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஏதோ ஒன்றை விற்றுக்கொண்டிருந்தார்கள். நிதானமாக எழுதியவர்கள், இந்த அளவுகளில் தீங்கு உண்டு என்பதற்குத் தெளிவான சான்று இல்லை, மனம் கேட்காவிட்டால் கொஞ்சம் தள்ளி இருங்கள் என்று எழுதியிருந்தார்கள். கருவி புலம் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, அதனால் என்ன ஆகும் என்று சொல்லாது. இதை என் கணவருக்கு எடுத்து விளக்கினேன். முழுவதையும் கவனமாகக் கேட்டுவிட்டு, றைஸ் குக்கரை விறாந்தைக்கு மாற்றினார்.

என் தங்கை எங்களுடன்தான் இருக்கிறாள். முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலை அவளுக்கு. விடியும் முன்னர் பஸ் வந்து ஏற்றிச் செல்லும். பிற்பகலில், தலைக்கவசத்தின் தடம் நெற்றியில் பதிந்திருக்க, கொண்டுவந்து இறக்கும். ஒரு பின்னேரம் கையில் தேநீரோடு நின்று, அத்தான் கருவியை ஆரத்தி எடுப்பதுபோலச் சுழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்தான், உப்பிடிக் கண்டபடி ஆட்டினால் ஒண்டும் பிடிபடாது. முதல்ல லேன் போடவேணும்.”

“இது வீடு. முகமாலை இல்லை.”

“வீடெண்டால் இன்னும் கவனமாப் பாக்கவேணும். இஞ்ச ஆக்கள் படுக்கினம்.”

வாசற்படியிலிருந்து தொடங்கினாள். தரையில் இரண்டு கயிறுகளை இழுத்து, ஒரு ஆள் நடக்கும் அகலத்தில் ஒரு பாதை. அதற்குள் குனிந்து, கருவியை இடமிருந்து வலமாக மெல்ல வீசி, வீசிய இடத்தை ஒருமுறை திரும்ப வீசி, அதன் பிறகே அடுத்த அடி. கீச்சிட்ட இடங்களில் முனையில் சிவப்பு மை பூசிய குச்சி ஒன்றை வைத்தாள். அவர்கள் வேலைத்தளத்தில் சிவப்புத் தலைக் குச்சிக்கு ஒரே பொருள்தான்: இதற்கு அங்கால் கால் வைக்காதே. பொழுதுபடுவதற்குள் வீடு முழுவதும் பார்த்து முடிந்தது. எடுத்த நடவடிக்கைகளைச் சொன்னால் சிரிப்பு வரும். நீட்டு வயரின் முடிச்சை அவிழ்த்தோம். கட்டிலை பிரிட்ஜ் நிற்கும் சுவரிலிருந்து இழுத்தோம். ஒரு முழம் தள்ளியதும் சிவப்பு மஞ்சளானது. இன்னொரு முழத்தில் பச்சை. போன் தலையணைக்கு அடியிலிருந்து மேசைக்குப் போனது. என் கணவர் அன்றிரவு குறட்டை விட்டு உறங்கினார். கருவியின் வெற்றி என்று அவர் சொன்னார். போன் எட்டாத தூரத்தில் இருந்ததால் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் முரசுமோட்டையிலிருந்து ஒரு கலியாணப் பேச்சு வந்தது.

தங்கைக்கு முன்பும் பேச்சுகள் வந்தன. குறிப்புப் பொருந்தும், படம் பிடிக்கும், பிறகு அந்தக் கேள்வி வரும்: வேலையை எப்போது விடுவா? அவள் விடுவதாக இல்லை. எங்கள் அப்பாவின் வயல் நெடுங்காலம் சிவப்புக் குச்சிகளுக்கு அப்பால் கிடந்தது. முன்பின் தெரியாத பெண்கள் சிலர் வெயிலில் முழந்தாளிட்டு அதை எங்களுக்குத் திருப்பித் தந்தார்கள். அவர்களுடைய பெயர்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை. முகமாலையிலும் தங்கள் காணிக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பாள். அதற்குமேல் விளக்க மாட்டாள். ஆனால் இந்த முரசுமோட்டை மாப்பிள்ளையின் படத்தை அவள் மேசை இலாச்சிக்குள் போடவில்லை. கண்ணாடியின் சட்டத்தில் செருகி வைத்திருந்தாள். வயல் செய்பவர், நீர்ப்பம்பி திருத்துபவர், முகத்தில் சற்றே குழம்பிய பார்வை. அவளுக்குப் பிடித்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. வேலையை விடாமலே அது கைகூட வேண்டும் என்பதும் தெரிந்தது.

கலியாணப் புரோக்கர் வந்து, தேநீர் முழுவதையும் குடித்து முடித்த பிறகு தொண்டையைச் செருமினார்.

“ஒரு சின்ன விசயம். மாப்பிள்ளையின்ர தாய்க்காரி கேக்கச் சொன்னவா. குறை நினைக்காதேங்கோ.”

“கேளுங்கோ” என்றேன்.

“அந்த வெடி தேடுற மெசின் பிடிக்கிற பிள்ளையளுக்கு அதில இருந்து வாற கதிர் வயித்துக்குள்ள இறங்குமாம். பிறகு பிள்ளை குட்டி தங்காதாம். அவவுக்கு ஆரோ சொல்லிப்போட்டினம்.”

தங்கை குசினி வாசலில் நின்றாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மேசையிலிருந்த கருவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“நாளைக்குச் சொல்லுறன்.”

அடுத்த நாள் வேலைத்தளத்துப் பொறுப்பாளரிடம் கேட்டு, ஓய்வெடுக்கும் கொட்டிலில் வைத்து வெடி தேடும் டிடெக்டரை அளந்திருக்கிறாள். மண்ணைத் தடவும் வட்டத் தலையின் அருகில் பிடித்தால் சிவப்பு. கைபிடியருகே, அவள் உடம்பு நிற்கும் இடத்தில், பச்சை. பின்னேரம் மறுமொழி கேட்டு வந்த புரோக்கரிடம் அதைச் சொன்னாள்.

“அத்தான்ர தலைமாட்டில இருந்த அளவுகூட இல்லை. சொல்லிவிடுங்கோ.”

“உதைப் போய் நான் எப்பிடிச் சொல்லுறது, பிள்ளை?” என்றார் புரோக்கர். “பச்சையாம், சிவப்பாம் எண்டால் அவா என்னை வெளியில விட்டிடுவா.”

“அப்ப நான் வந்து காட்டுறன்.”

மாப்பிள்ளையின் வீடு பார்க்கப் பெண்ணின் பெரியவர்கள் போவதுண்டு. பெண்ணே போவது வழக்கமில்லை. போய் வீட்டை அளப்பது எந்த வழக்கத்திலும் இல்லை. புரோக்கர் தலையில் கைவைத்தார். ஆனாலும் எங்களோடு ஓட்டோவில் ஏறிக்கொண்டார். கமிசன் என்ற ஒன்று மனிதருக்கு எவ்வளவு துணிச்சலைத் தருகிறது.

மாப்பிள்ளையின் தாய் வாசலில் நின்று வரவேற்றார். நிமிர்ந்த உடம்பு, இறுகக் கட்டிய கொண்டை, எதிரில் நிற்பவரின் நகம் வரை பார்க்கும் கண். மூத்த மகன் கனடாவில். அதனால் வீட்டில் இரண்டு பிரிட்ஜ், மூலைக்கொரு காவல் கமரா, கரண்ட் போனாலும் விளக்கெரிக்கும் பெரிய பற்றரிப் பெட்டி. மாப்பிள்ளை யாருடைய பம்பியையோ பார்க்கச் சந்திக்குப் போயிருந்தார்.

நான் முறையாக, தயங்கித் தயங்கி விசயத்தைத் தொடங்குவதற்கு முன்னரே தங்கை கருவியை மேசையில் வைத்துவிட்டாள்.

“அன்ரி, நீங்கள் கேட்டுவிட்டது சரியான கேள்வி. நான் அளந்து பாத்தனான். நீங்களும் பாத்தால் நல்லது.”

“நான் என்னத்தைப் பிள்ளை பாக்கிறது?”

“நீங்கள் எங்க படுக்கிறனீங்கள்?”

கட்டிலின் தலைமாடு வெளிச்சுவரோடு ஒட்டியிருந்தது. தங்கை கருவியைத் தலையணைக்கு மேலே நீட்டினாள். பச்சை ஒரு கணம்கூடத் தங்கவில்லை. நேரே சிவப்பு, கீச்சு. சுவரின் மறுபக்கத்தில் வீட்டின் மின்மானியும் மெயின் சுவிட்சும் பொருத்தப்பட்டிருந்தன. இந்தப் பக்கம் பற்றரிப் பெட்டி.

அம்மையார் கட்டிலைப் பார்த்தார். பிறகு கருவியைப் பார்த்தார்.

“வீடு கட்டின நாளில இருந்து நான் இதிலதான் படுக்கிறன்.”

“பிள்ளையள் எத்தினை பேர், அன்ரி?”

“மூண்டு. ஆனா அதெல்லாம் இந்த வீட்டுக்கு முந்தி.” சற்று யோசித்துவிட்டு, “நல்ல காலம்” என்றார். என் கணவர் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார்.

தீங்கு வரும் என்று யாரும் நிறுவவில்லை, பயப்பட வேண்டாம் என்று நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. அம்மையாருக்கு முழு வீட்டையும் பார்த்தாக வேண்டும் என்றாகிவிட்டது.

“எல்லா அறையும் பாப்பம், பிள்ளை. கயிறு வேணுமோ?”

தங்கை என் தங்கையாக இருந்தது அந்த நொடிவரைதான். அதன்பின் அங்கே முழந்தாளிட்டது முகமாலை ஆள். வாசலிலிருந்து பாதை இழுத்தாள். பாதி பார்த்த இடத்தில் யாரும் அசையக்கூடாது என்பது அவர்கள் விதி. அம்மையாரைப் பார்த்து முடித்த பகுதியில் ஒரு கதிரையில் இருத்தினாள். புரோக்கர் பார்க்காத மூலையில் அகப்பட்டுக்கொண்டார். அவருடைய தேநீரும் வடையும் கயிற்றுக்கு இந்தப் பக்கத்தில் இருந்தன.

“பிள்ளை, நான் அதை மட்டும் எடுத்திட்டு…”

“நில்லுங்கோ. அங்க இன்னும் பாக்கேல்லை.”

குச்சிக்குப் பூச மை இல்லை. அம்மையாரே சாமித்தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்து, தண்ணீர் விட்டுக் குழைத்துத் தந்தார். விறகுச் சிராய்களின் முனை சிவந்தது. அறைக்குள் சிமெந்துத் தரையில் அவற்றைக் கிடத்திவைத்தாள். வெளியே, மின்மானிச் சுவரின் ஓரமாக, புலம் எதுவரை வருகிறது என்று காட்டுவதற்காக மண்ணில் வரிசையாக நட்டாள். நட்டுவிட்டு உள்ளே வந்தாள். அந்தச் சுவர் ஊர்ச்சனம் போய்வரும் ஒழுங்கையைப் பார்த்தபடி இருக்கிறது என்பதை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

இந்த மண்ணில் வளர்ந்த குழந்தைக்கு எழுத்துத் தெரியாமல் இருக்கலாம். சிவப்புத் தலைக் குச்சியைத் தெரியாமல் இருக்காது. முதலில் ஒரு சைக்கிள் நின்றது. பிறகு ஒரு பெண்ணின் குரல்: “ஐயோ, உவையின்ர வளவுக்குள்ள வெடி கிடக்குதாம்.” ஒழுங்கை நிறைவதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. யாரோ தங்கள் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடினார். யாரோ கிராம அலுவலர் விதானையாருக்குப் போன் எடுத்தார். இன்னொருவர், எத்தனை அடி தள்ளி நின்றால் ஆபத்தில்லை என்று எல்லோருக்கும் விளக்கியபடி, தான் மட்டும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். உள்ளே தெரிந்தது கயிறு, குனிந்திருக்கும் பெண், கதிரையில் அசையாமல் இருக்கும் அம்மையார், மூலையில் சிலைபோல நிற்கும் புரோக்கர். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

என் கணவர் வாசலுக்குப் போய், “வெடி இல்லை, கரண்ட்” என்றார். கூட்டம் இன்னும் சற்றுப் பின்வாங்கியது. கரண்டில் வெடிக்கும் புதுவகை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை. தாயின் கட்டிலுக்குக் கீழே மிதிவெடி என்று சந்தியில் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். கையெல்லாம் எண்ணெயும் கிறீசும். ஆட்கள் இழுத்துப் பிடிக்கப் பிடிக்க உதறிவிட்டு ஓடிவந்தவர், வாசற்படியில் கயிற்றைக் கண்டதும் நின்றார். ஒரு காலைக்கூட உள்ளே வைக்கவில்லை. முகம் வெளிறியிருந்தது. தாயைப் பார்த்தார், அதன் பிறகு, குனிந்திருந்த தங்கையைப் பார்த்து, மூச்சிரைக்கக் கேட்டார்.

“அம்மாட்ட எதால வாறது?”

தங்கை நிமிர்ந்தாள். “ரெண்டு கயித்துக்கும் நடுவால. நான் பாத்த இடம்.”

அவர் அப்படியே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பாதத்துக்கு முன் மறு பாதமாக, இரண்டு கயிறுகளுக்கும் படாமல். தாயின் கதிரையருகே வந்து அவர் தோளில் கைவைத்தார். கிறீஸ் முழுவதும் சேலையில் பட்டது.

“எழும்பாதேங்கோ, அம்மா. நான் தூக்கிறன்.”

“விசரா, கையை எடு” என்றார் அம்மையார். “வெடியும் இல்லை கிடியும் இல்லை. நான் படுக்கிற இடத்தில கரண்ட் கூடவாம். பிள்ளை பாக்குது.”

அவர் தங்கையைப் பார்த்தார். தங்கை கருவியைக் காட்டினாள். அது, தன் பங்குக்கு, பற்றரிப் பெட்டியைப் பார்த்துக் கீச்சிட்டது. அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா, மூச்சு வாங்குகிறாரா என்று பிரித்தறிய முடியவில்லை.

வெளியே விதானையார் வந்துவிட்டார் என்று குரல் கேட்டது. அம்மையார் எழுந்து, கறைபட்ட சேலையை ஒருமுறை உதறி, பார்த்து முடித்த பாதை வழியாகவே நடந்து வாசலுக்குப் போனார்.

“எல்லாரும் வீட்டை போங்கோ. ஒண்டுமில்லை. எங்கட வரப்போற மருமகள் வீட்டை அளந்து பாக்கிறா.”

சிலர் திரும்பி நடந்தார்கள். எதிர்வீட்டுப் பெண்மணிக்கு அது போதவில்லை.

“மருமகள் கந்தோரில வேலையெண்டு எல்லே சொன்னனீங்கள்?”

தங்கை அலுவலகத்தில் வேலை செய்கிறாள் என்பது எனக்குப் புதுச்செய்தி. தங்கைக்கும். அவள் முழந்தாளில் இருந்தபடியே தலையை உயர்த்தாமல் காத்திருந்தாள். அம்மையாரின் முதுகைத்தான் என்னால் பார்க்க முடிந்தது. அது இன்னும் சற்று நிமிர்ந்தது.

“கந்தோர் எல்லா இடத்திலயும் இருக்கு. இவா முகமாலையில மிதிவெடி எடுக்கிறா. உங்கட வீட்டையும் பாக்கவேணுமெண்டால் கேளுங்கோ, விட்டுப் பாக்கிறன்.”

கூட்டம் கலைந்தது. பெரும்பாலோருக்கு ஏமாற்றம்தான். புரோக்கர் விடுவிக்கப்பட்டார்; வடையை எறும்பு மொய்த்திருந்தது. கட்டிலை எதிர்ச்சுவருக்குத் தள்ளினோம். அங்கே தலை வடக்கே வரும் என்று அம்மையார் மறுத்தார். எமனும் வேண்டாம், மின்மானியும் வேண்டாம் என்று நெடுநேரம் ஆராய்ந்து, கடைசியில் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றி இரு தரப்பையும் சமாதானம் செய்தோம். மாப்பிள்ளை பற்றரிப் பெட்டியைச் சுமந்து விறாந்தையில் கொண்டுபோய் வைத்தார். எங்கே வைப்பது என்று தங்கையிடம் இரண்டு தடவை கேட்டார். முதல் தடவையே அவருக்கு விளங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பும் வழியில், ஓட்டோவின் இரைச்சலுக்கு மேலால் என் கணவர் கேட்டார்.

“அப்ப, ஓமோ இல்லையோ?”

“அவர் எதால வாறதெண்டு கேட்டவர், அத்தான். எங்கட வேலைத்தளத்துக்குப் பாக்க வாற பெரியாக்களே அப்பிடிக் கேக்கிறேல்லை. நேர வந்து காலை வைப்பினம்.”

“கேட்டதுக்கு மறுமொழி அதில்லை.”

“அவருக்கு ஓம். ஆனா வேலையை விடச்சொன்னால் இல்லை. அன்ரி வாசலில நிண்டு பெரிசாச் சொன்னவா. காலமை எழும்பி என்ன சொல்லுவாவோ.”

அவள் வெளியே பார்க்கத் தொடங்கினாள். வயல்கள் கடந்துபோயின. அவமானத்துக்குப் பயந்து சொன்ன சொல்லுக்கு எவ்வளவு ஆயுள் என்று நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் கையில் குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை அவள் கழுவியிருக்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம், அவள் பஸ்ஸால் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தபோது, என் போன் அடித்தது. எடுத்ததும் மாப்பிள்ளையின் தாய் கிணற்றின் மறுகரையிலிருந்து கூப்பிடுவது போலக் கேட்டது.

“கேக்குதோ? நான் போனை மேசையில வைச்சிட்டு அங்கால நிண்டு கதைக்கிறன். காதில வைக்கக்கூடாதெண்டு நேற்றுப் பிள்ளை சொன்னவள்.”

ஒழுங்கை முழுவதும் கேட்டிருக்கும். நானும் என் அடக்கத்தை விட்டுவிட்டு உரத்தே, கேட்கிறது என்றேன்.

“பிள்ளையின்ர பஸ் பரந்தனுக்கு எங்களைத் தாண்டித்தானே போறது?”

“ஓம், முரசுமோட்டைச் சந்தியாலதான்.”

“காலமை எத்தினை மணிக்கு? பிள்ளை இஞ்ச வந்தாப் பிறகு சந்தியில நிப்பாட்டி ஏத்துவாங்களோ, இல்லாட்டி மகன் பரந்தன் மட்டும் கொண்டுபோய் விடவேணுமோ? அதைக் கேட்டுச் சொல்லுங்கோ.”

குளியலறைக் கதவு திறந்தது. ஈரத்தலையோடு தங்கை நின்றாள். அவ்வளவு உரத்த குரலை யாரும் அவளுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் என் கையிலிருந்து போனை வாங்கி, மேசையில் வைத்து, இரண்டு அடி பின்னால் போய் நின்றாள்.

“நிப்பாட்டுவாங்கள், மாமி” என்று கத்தினாள்.